போன கொள்கை திரும்புமா? ஜார்ஜ் வாலஸை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைதட்டலுக்காகக் கொள்கையைக் கைவிட்டு வெகுஜனவாதத்துக்குப் போன அரசியல்வாதி பிறகு திரும்பி வர முடியுமா? அமெரிக்க அரசியல்வாதி ஜார்ஜ் வாலஸை வைத்து இங்கே பேசுவது அதைத்தான்.

வெகுஜனவாதம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இலவசத் திட்டங்களையா?

இல்லை. நம் பத்திரிகைகளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பலருக்கு மிக்சியும் கிரைண்டரும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அது நலத்திட்டங்களைப் பற்றிய விவாதம். அதைத் தனியாக நடத்திக்கொள்ளலாம். இங்கே சொல்வது ஒரு பேச்சு முறையை. உண்மையான மக்கள் ஒரு பக்கம். அவர்களை ஏய்த்துப் பிழைக்கும் படித்தவர்களும் அதிகாரிகளும், அவர்கள் தூக்கிவிடும் 'வேறு ஆட்களும்' இன்னொரு பக்கம். உங்களுக்காகப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று சொல்லும் முறை அது. அந்த 'மக்கள்' கணக்கில் யார் வருவார், யார் வரமாட்டார் என்பதை ஒலிபெருக்கியைக் கையில் பிடித்திருப்பவரே முடிவு செய்வார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இத்தனை பேர் இருக்க, ஏன் ஜார்ஜ் வாலஸ்?

அவர் வாழ்க்கையில் மூன்று கட்டங்களும் தெளிவாகத் தெரிகின்றன: கொள்கை, அதைக் கைவிட்டது, திரும்பி வந்தது. இன்று பதவியில் இருப்பவரைப் பற்றி எழுதினால் அடுத்த மாதமே எழுதியது பழசாகிவிடும். வாலஸ் 1998இல் இறந்துவிட்டார், கணக்கு முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 1919இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பார்பர் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) உள்ள கிளையோ என்ற சிற்றூரில் பிறந்தவர். குத்துச்சண்டை வீரர், வழக்கறிஞர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மீது பறந்த பி-29 விமானத்தில் பணியாற்றியவர். நான்கு முறை அலபாமாவின் ஆளுநர். அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர்போல டெல்லியிலிருந்து வருபவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சருக்கு இணையானவர்.

கைவிடுவதற்கு அவரிடம் கொள்கை என்று ஒன்று இருந்ததா?

இருந்தது, ஓரளவுக்கு. இளம் வயதில் 'பிக் ஜிம்' ஃபோல்சம் என்ற ஆளுநரின் அணியில் இருந்தார். ஏழை வெள்ளையருக்குச் சாலையும் பள்ளியும் வேண்டும், கறுப்பர்களை அமுக்கி வைத்திருக்கும்வரை ஏழை வெள்ளையரும் எழ முடியாது என்று 1949லேயே வானொலியில் சொன்னவர் ஃபோல்சம். அவரிடம் கேட்டு, கறுப்பர்களின் கல்வி நிறுவனமான டஸ்கிகியின் அறங்காவலர் பதவியை வாங்கிக்கொண்டார் வாலஸ். 1948இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கறுப்பர் உரிமைத் தீர்மானத்தை எதிர்த்துத் தென்மாநிலப் பிரதிநிதிகள் பலர் வெளிநடப்புச் செய்தபோது, வாலஸ் இருக்கையை விட்டு எழவில்லை.

1953இல் நீதிபதியானார். அவர் முன் வாதாடிய ஜே. எல். செஸ்ட்நட் என்ற கறுப்பின வழக்கறிஞர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்: நீதிமன்றத்தில் தன்னை 'மிஸ்டர்' என்று அழைத்த முதல் நீதிபதி வாலஸ்தான். இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்பவர்கள், முதியவரையும் வெறும் பெயரால், 'டா' போட்டுக் கூப்பிட்ட நம் கிராமங்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

'ஓரளவுக்கு' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதே 1948 மாநாட்டில் அந்தத் தீர்மானத்தை அவரும் எதிர்த்தவர்தான். இன ஒதுக்கல் தவறு என்று அவர் அந்தக் காலத்தில் எங்கும் சொல்லவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனிப் பள்ளி, தனித்தனி இருக்கை என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு, அதற்குள் மரியாதையாக நடந்துகொண்டார், அவ்வளவுதான். ஆகவே 'பழைய கொள்கைக்குத் திரும்பினார்' என்று சொல்லும்போது, திரும்பிய இடம் புறப்பட்ட இடம்தானா என்ற சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மாறினார்?

1958 தேர்தலில் தோற்ற பிறகு. ஆளுநர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் ஜான் பேட்டர்சன். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் பேட்டர்சனை ஆதரித்தது. கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் வாலஸை ஆதரித்தது. வாலஸ் தோற்றார். இனவெறிப் பேச்சில் இனி எவனும் என்னை முந்த விடமாட்டேன் என்று அன்று அவர் தன் ஆட்களிடம் சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர் பயன்படுத்திய சொல் இதைவிட மிக அசிங்கமானது. பின்னாளில் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தார். சொன்னாரோ இல்லையோ, அடுத்த நான்கு ஆண்டுகள் அப்படித்தான் நடந்துகொண்டார். நல்ல சாலை, நல்ல பள்ளி என்று பேசினேன், யாரும் காது கொடுக்கவில்லை. கறுப்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், தரை அதிரக் காலால் தட்டினார்கள் என்று அவரே பிறகு விளக்கமும் தந்தார்.

1963 ஜனவரி 14 அன்று மாநிலத் தலைநகர் மான்ட்கமரியில் ஆளுநராகப் பதவியேற்றார். அன்றைய உரையை எழுதிக்கொடுத்தவர் ஏசா கார்ட்டர் என்ற க்ளான்காரர். 'இன்றும் ஒதுக்கல், நாளையும் ஒதுக்கல், என்றென்றும் ஒதுக்கல்' என்ற வரி அதில்தான் வருகிறது.

மக்கள் கேட்க விரும்பியதைத்தானே சொன்னார்? ஜனநாயகத்தில் அது குற்றமா?

எந்த மக்கள்? அலபாமாவின் லௌண்ட்ஸ் கவுன்டியில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அங்கே வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை. இத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களின் கைதட்டலை 'மக்களின் குரல்' என்று சொல்வதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைக்க முடியாது.

உள்ளுக்குள் அவர் அவ்வளவு வெறியர் இல்லை, வெளியே நடித்தார் என்கிறார்களே. அப்படியானால் பாதியாவது மன்னிக்கலாமா?

நான் எதிர்ப்பக்கம். இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன்.

1959 ஜனவரி. வாக்காளர் பதிவில் கறுப்பர்கள் ஒதுக்கப்படுகிறார்களா என்று விசாரிக்க வந்த கூட்டாட்சி அரசின் ஆணையம் பதிவேடுகளைக் கேட்டது. நீதிபதி வாலஸ் தரமாட்டேன் என்று முழங்கினார். ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிட்டவர் கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் ஜான்சன். வாலஸோடு சட்டக் கல்லூரியில் படித்த நண்பர். ஒரு நாள் இரவு வாலஸ் ரகசியமாக ஜான்சன் வீட்டுக் கதவைத் தட்டினார் என்று ஜான்சன் பின்னர் சொன்னார். வந்த காரியம் இதுதான்: அவமதிப்புக்காகச் சில நாள் சிறைத்தண்டனை கொடு, எனக்கு அரசியலில் உதவும். ஜான்சன் மசியவில்லை, மீறினால் கடுமையாகவே தண்டிப்பேன் என்றார். வாலஸ் என்ன செய்தார்? பதிவேடுகளை நடுவர் குழுக்களிடம் கொடுத்து, அவர்கள் வழியாக ஆணையத்தின் கைக்குப் போகச் செய்தார். வெளியே வந்து, டெல்லிக்கு அடிபணியமாட்டேன் என்று நம்மவர்கள் சொல்வதுபோல, வாஷிங்டனுக்கு அடிபணியவில்லை என்று மார்தட்டினார். சுற்றுவழியில் என்றாலும் பதிவேட்டைக் கொடுத்துவிட்டார் என்று சொல்லித்தான் ஜான்சன் அவரை விடுவித்தார். குற்றவாளி என்று தீர்ப்பு வரவில்லையே என்று வருத்தப்பட்டவரை வேறு எங்கே பார்க்க முடியும்?

இரண்டாவது, 1963 ஜூன் 11. டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் அரங்கம். விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் பெயர் பதிய வருகிறார்கள். வாலஸ் வாசலை மறித்து நிற்கிறார். அவருக்கு முன்னால் உரை வாசிக்கும் மேசை, சுற்றிலும் தொலைக்காட்சி கேமராக்கள், கொளுத்தும் வெயில். மத்திய அரசின் துணை அட்டர்னி ஜெனரல் நிக்கலஸ் காட்சன்பாக் வந்து, வழி விடுங்கள் என்கிறார். வாலஸ் தன் அறிக்கையை வாசிக்கிறார். மாணவர்கள் காரிலேயே காத்திருக்கிறார்கள். அதிபர் கென்னடி மாநிலக் காவற்படையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்; சில மணி நேரம் கழித்து ஜெனரல் ஹென்றி கிரஹாம் வந்து சொன்னதும் வாலஸ் விலகிக்கொள்கிறார். விலகத்தான் போகிறார் என்பது இரண்டு தரப்புக்கும் கிட்டத்தட்டத் தெரிந்த விஷயம்.

நாடகம்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எல்லோருக்கும் அது நாடகம் என்று யாரும் சொல்லவில்லையே. அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில், கறுப்பர்-வெள்ளையர் கலப்பைத் தடுக்க அலபாமாவுக்குச் சில முதல்தரமான சாவுகள் தேவை என்ற பொருளில் செய்தியாளரிடம் வாலஸ் பேசினார். செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் க்ளான்காரர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். குண்டை வைத்தவர் வாலஸ் இல்லை. நம்பிப் பேசுகிறவனோடாவது வாதாடிப் பார்க்கலாம். நம்பாமல் பேசுகிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். தெரிந்தே கூட்டத்தின் கையில் கொடுக்கிறான்.

நடுவில் திரும்பிவர வாய்ப்பே இல்லையா?

இருந்தது. அதனால்தான் 1970ஐ நான் மற்ற எல்லா ஆண்டுகளையும்விடக் கடுமையாகப் பார்க்கிறேன்.

1968இல் மூன்றாவது கட்சி ஒன்றின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று 13.5 சதவீத ஓட்டும் ஐந்து தென்மாநிலங்களும் அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் 46உம் பெற்றிருந்தார். நாடு முழுக்கப் பெயர். 1970இல் மறுபடி ஆளுநர் தேர்தல். எதிரே ஆல்பர்ட் புரூவர்: வாலஸின் பழைய கூட்டாளி. வாலஸின் மனைவி லர்லீன் ஆளுநராக இருந்து 1968இல் புற்றுநோயில் இறந்தபோது அந்தப் பதவிக்கு வந்தவர். இவர் கறுப்பர்களையும் நடுத்தர வெள்ளையரையும் சேர்த்து ஓட்டுக் கேட்டார். அதாவது, 1958இல் வாலஸ் செய்ய நினைத்து முடியாமல் போனதை. முதல் சுற்றில் புரூவர் முந்தினார். காலம் மாறிவிட்டது, அந்த வழியிலும் வெல்லலாம் என்பதற்குக் கண்முன்னே சாட்சி. வாலஸ் பார்த்தார், பார்த்துவிட்டு, கறுப்பர்களைக் காட்டி வெள்ளையரைப் பயமுறுத்தும் விளம்பரங்களை இறக்கி இரண்டாம் சுற்றில் வென்றார். 1958இன் தோல்வியைக் காரணம் காட்டலாம். 1970க்கு என்ன காரணம் காட்டுவது?

குண்டடி பட்ட பிறகுதான் மனம் மாறியது என்பது உண்மையா?

1972 மே 15 அன்று, அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்தபோது, மேரிலாந்தில் லாரல் என்ற ஊரில் சுடப்பட்டார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கடைசிவரை சக்கர நாற்காலி, தீராத வலி.

மருத்துவமனையில் அவரைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஷெர்லி சிஸம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். அதே போட்டியில் அவரும் வேட்பாளர். போகாதே என்று அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது என்று சிஸம் சொல்ல, வாலஸ் அழுதுவிட்டார். பிறகு வீட்டுவேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கச் செய்யும் சட்டத்துக்கு சிஸம் ஆதரவு திரட்டியபோது, தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டைப் பெற வாலஸ் உதவினார். அழுகையைவிட இந்த உதவியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓட்டுக்காகத்தான் திரும்பினார் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?

அவர்கள் சொல்வதில் பாதி சரி. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அலபாமாவின் செல்மா ஊர்ப் பாலத்தில் வாலஸின் மாநிலக் காவலர்கள், வாக்குரிமை கேட்டு வந்த ஊர்வலக்காரர்களை அடித்து நொறுக்கிய காட்சிதான் அந்தச் சட்டத்துக்கு வேகம் கொடுத்தது என்பது வரலாற்றின் குறும்பு. சட்டம் வந்தபின் அலபாமாவில் கறுப்பர்களின் ஓட்டு இல்லாமல் வெல்வது ஆண்டுக்கு ஆண்டு கடினமாயிற்று. 1982இல் கடைசி முறையாக நின்றபோது பொதுத்தேர்தலில் கறுப்பர்களில் மிகப் பெரும்பாலோர் வாலஸுக்கே ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆட்சியில் முன்னெப்போதும் இல்லாத எண்ணிக்கையில் கறுப்பர்களை அரசுப் பொறுப்புகளில் அமர்த்தினார்.

மீதிப் பாதிக்கு ஒரு தேதி சாட்சி. 1979இல், எந்தப் பதவியும் இல்லாத நேரத்தில், மான்ட்கமரியின் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், கறுப்பர்கள் நிறைந்த சபை முன்னால் மன்னிப்புக் கேட்டார். ஒரு காலத்தில் மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த தேவாலயம் அது. அன்று அவர் வேட்பாளர் இல்லை. மூன்றாண்டு கழித்து வேட்பாளரானார் என்பதும் உண்மைதான். மனச்சாட்சியும் கணக்கும் ஒரே வண்டியில் ஏறி வருவதுண்டு. இறங்கும்போது யார் எந்த இருக்கையில் இருந்தார் என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது.

அப்படியானால் உண்மையாகத் திரும்பினார் என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

என்ன இழந்தார் என்று பாருங்கள். வென்ற பிறகோ, தோற்று முடிந்த பிறகோ வரும் ஞானோதயம் மலிவு.

இதற்குக் குடியரசுக் கட்சியின் செனட் உறுப்பினராக இருந்த ஜான் மெக்கெய்ன் நல்ல பாடம். 2000இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்தார். தென் கரோலினாவில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடி தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தின் மேலே பறந்துகொண்டிருந்தது. அதை இனவெறியின் சின்னம் என்று முதலில் சொன்னார். கூட இருந்தவர்கள் பதறினார்கள். அடுத்து யார் கேட்டாலும் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து, அது பாரம்பரியத்தின் சின்னம் என்ற வாசகத்தை வாசித்தார். தானாகச் சொல்லவில்லை என்பதைக் கேட்பவர்களுக்குக் காட்டிக்கொள்ளவே தாளைப் பார்த்து வாசித்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்தத் தந்திரத்தால் அவருக்கே வெட்கம் கூடியது, அவ்வளவுதான். தென் கரோலினாவில் தோற்று, போட்டியிலிருந்து விலகிய பிறகு, ஏப்ரல் மாதம் அதே மாநிலத்துக்குத் திரும்பி வந்து, வெல்ல ஆசைப்பட்டுக் கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார்.

நேர்மைதான். ஆனால் தோற்ற பிறகு வந்த நேர்மை. 2008 அக்டோபரை இதைவிட மேலாக வைப்பேன். மினசோட்டாவில் சொந்தக் கட்சிக் கூட்டத்தில் ஒரு பெண்மணி, அதிபர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஒபாமாவை 'அரபுக்காரர்' என்று சொல்ல, மெக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவே என்றார். தேர்தலுக்கு நான்கு வாரம்கூட இல்லை. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. (2010இல் செனட் இருக்கைக்கு ஆபத்து வந்ததும், எல்லையில் வேலியைக் கட்டி முடியுங்கள் என்று விளம்பரத்தில் தோன்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போய்வரும் பாதை பழகிவிட்டால் இரண்டு திசையிலும் நடக்கலாம்.)

திரும்பாமலே போனவர்கள்?

ஏராளம். ஜார்ஜியாவின் டாம் வாட்சன் ஒருவர் போதும். 1890களில் மக்கள் கட்சியின் மேடையில் நின்று, கறுப்பின விவசாயியும் வெள்ளை விவசாயியும் ஒரே கொள்ளைக்கு ஆளாகிறவர்கள், ஒன்றுசேருங்கள் என்று பேசியவர். தோல்விமேல் தோல்வி. அடுத்த நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்கவேண்டும் என்று எழுதினார். அடுத்து கத்தோலிக்கர்கள், யூதர்கள். 1920இல் செனட் உறுப்பினரானார். 1922இல் அப்படியே இறந்துபோனார். வாலஸுக்குக் கிடைத்த இருபத்தைந்து ஆண்டு அவகாசம் அவருக்கு இல்லை. கிடைத்திருந்தாலும் திரும்பியிருப்பார் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

தலைவர் திரும்பினால் பின்னால் போனவர்களும் திரும்புவார்களா?

என் கவலை முழுவதும் இந்தக் கேள்வியில்தான். மாட்டார்கள். வாலஸ் தனியாகத்தான் திரும்பினார்.

இருபது ஆண்டு மேடைமேடையாக அவர் கற்றுக்கொடுத்தவை: வாஷிங்டன் அதிகாரிகள் கைப்பெட்டி தூக்கும் வீணர்கள், படித்தவர்கள் சைக்கிளை நேராக நிறுத்தத் தெரியாதவர்கள், இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பத்துக் காசு வித்தியாசம் கிடையாது. 1964இல் விஸ்கான்சின், இண்டியானா, மேரிலாந்து என்று தெற்குக்கு வெளியேயும் இதற்குக் கைதட்டல் விழுந்தது. மேரிலாந்தில் பத்தில் நான்குக்கும் மேல் ஓட்டு. கைதட்டியவர்களை மற்ற அரசியல்வாதிகள் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். குடியரசுக் கட்சியின் நிக்சனுடைய ஆட்கள் அந்த ஓட்டைக் குறிவைத்தே தென்மாநில வியூகத்தை வகுத்தார்கள். 1972இல் அலபாமாவில் நிக்சனுக்கு எழுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வாலஸ் விட்டுப்போன மேடை ஒரு நாள்கூடக் காலியாகக் கிடக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. நினைவில் நிற்கும் அவருடைய மன்னிப்புகள் எல்லாம் கறுப்பர்களின் தேவாலயத்தில், கறுப்பர்கள் முன்னால் நடந்தவை. தன் பேச்சைக் கேட்டுத் தரையைத் தட்டிய வெள்ளையர் கூட்டங்களுக்குப் போய், நான் உங்களுக்குச் சொன்னது பொய் என்று ஊர் ஊராகச் சொல்லவில்லை. அடிபட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது ஒரு கடன். கல்லை எடுத்துக் கையில் கொடுத்தோமே, அவரிடம் போய்க் கல்லைத் திரும்ப வாங்குவது வேறு கடன். இரண்டாவதை அவர் அடைக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்தார்களா?

எல்லோரும் இல்லை; மன்னிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸ், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானவர், 1979இல் வாலஸைச் சந்தித்தார். அவர் மாறிய மனிதர், அவரை வெறுத்தால் நாங்கள் எதிர்த்த அதே தீமையைத்தான் நீட்டிப்போம் என்று வாலஸ் இறந்தபோது எழுதினார். 1995இல் செல்மா ஊர்வலத்தின் முப்பதாம் ஆண்டு நினைவாக நடந்து வந்தவர்களை மான்ட்கமரியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வரவேற்றார் வாலஸ். பேசும் நிலையில் இல்லை. அவர் செய்தியை வேறொருவர் வாசித்தார். 1996இல் லர்லீன் பெயரிலான துணிவுக்கான விருதை விவியன் மலோனுக்குத் தந்தார். 1963இல் வாசலில் தடுக்கப்பட்ட மலோன், 1965லேயே அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவராகிவிட்டார்; வாலஸ் திரும்பிவரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

வாசலில் நின்ற இன்னொரு மாணவர், ஜேம்ஸ் ஹூட், என்ன ஆனார்?

இரண்டு மாதத்திலேயே, நெருக்கடி தாங்காமல், அலபாமா பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்டார். வேறு மாநிலத்தில் படித்து, வேலை பார்த்து, முப்பது ஆண்டுக்குப் பிறகு 1995இல் முனைவர் பட்டம் படிக்க அலபாமா பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தார். வாலஸைச் சந்தித்துப் பேசினார். அவர் வருத்தம் உண்மையானது என்று நம்பினார். 1997 மே மாதம் பட்டமளிப்பு விழா. பட்டத்தைத் தன் கையால் கொடுக்கவேண்டும் என்று வாலஸுக்கு ஆசை; உடல்நிலை இடம் தராததால் வரமுடியவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தபோது, இறுதிச் சடங்குக்கு ஹூட் போயிருந்தார்.